முதுகுத்தண்டு மருத்துவர்களுக்கு: வலிக்கிற இடத்தையும் தொட்டுப் பாருங்கள்

மதிப்பிற்குரிய எலும்பு, முதுகுத்தண்டு மருத்துவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்களில் ஒருவர் என் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "டிஸ்க் எல்லாம் நல்லா இருக்கு, உங்களுக்கு ஒண்ணுமில்ல, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார். மூன்று வருடத்தில் இப்படிச் சொன்ன நான்காவது மருத்துவர் அவர். நால்வரில் ஒருவர்கூட எனக்கு வலிக்கிற இடமான வலது பிட்டத்தில் விரல் வைத்துப் பார்க்கவில்லை.

பிரிஃபார்மிஸ் தசையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிட்டத்தின் ஆழத்தில் கிடக்கும் அது இறுகி, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பை அழுத்தினால், முதுகுத்தண்டு ஸ்கேனில் அது தெரியாது. 1947-லேயே ராபின்சன் என்ற மருத்துவர் இதற்கு 'பிரிஃபார்மிஸ் சிண்ட்ரோம்' என்று பெயர் வைத்துவிட்டார். இதை எப்படி உறுதிசெய்வது என்பதில் உங்களுக்குள் இன்னும் விவாதம் நடக்கிறது. நடக்கட்டும். அதற்காக என்னைப் பரிசோதிக்காமலே அனுப்பலாமா?

என்னால் உட்கார முடியவில்லை, ஐயா. பத்து நிமிடம் போதும். வலது பிட்டத்துக்குள் ஒரு புள்ளி சூடேறும். அங்கிருந்து தொடையின் பின்பக்கமாக விண்ணென்று இறங்கும். கெண்டைக்கால் மரத்துப்போகும். அன்று உங்கள் அறைக்கு வெளியே இரும்பு நாற்காலியில் இரண்டு மணி நேரம். வலது தொடைக்கடியில் துண்டை மடித்து வைத்து, இடப்பக்கமாகச் சரிந்து சமாளித்தேன். தாங்காமல் எழுந்து சுவரோரம் நின்றால், "முந்தப் பாக்காதீங்க, போய் உட்காருங்க" என்று ஊழியர் அதட்டினார். போய் உட்கார்ந்தேன். உள்ளே வந்ததும் மருத்துவர் சொன்ன முதல் வார்த்தையும் அதுதான்: "உட்காருங்க."

சீட்டில் நீங்கள் 'முதுகு வலி' என்று மட்டும் எழுதினால் பிசியோதெரபியில் முதுகுக்குத்தான் ஒத்தடம். அப்படியே எனக்கு ஐந்து மாதம் வீணானது. கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட்தான் தானாகவே பிட்டத்தை அழுத்திப் பார்த்தார், நான் அலறிவிட்டேன். மல்லாந்து படுத்து, வலது கணுக்காலை இடது முழங்கால்மேல் போட்டு, இடது தொடையை நெஞ்சை நோக்கி இழுத்து 30 விநாடி பிடிக்கும் பயிற்சியை அவர்தான் சொல்லித்தந்தார். இன்று நான் நடமாடுவது அதனால்தான். ஆனாலும் நீண்ட நேரம் உட்கார்ந்தால் வலி திரும்பிவிடுகிறது. ஊசி போடலாமா, எப்போது போடலாம் என்று நீங்கள்தானே சொல்ல வேண்டும்?

ஸ்கேனில் தெரியாத வலியை வீட்டிலும் நம்புவதில்லை, அலுவலகத்திலும் நம்புவதில்லை. 'ஒண்ணுமில்ல' என்ற உங்கள் ஒரு சொல்லை வைத்துத்தான் அவர்கள் எங்களை அளக்கிறார்கள்.

அதனால் தாழ்மையுடன் கேட்கிறேன். ஸ்கேன் நார்மல் என்றதும் நிறுத்திவிடாதீர்கள். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மேலே இருக்கும் காலை மடக்கி, தொடையை உள்பக்கமாகச் சாய்த்துத் திருப்பிப் பாருங்கள். பிட்டத்தை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அடுத்த வாரம் மறுபடி வருகிறேன். தயவுசெய்து நின்றுகொண்டே பேச விடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நோயாளிகளில் ஒருவர்