பக்குவம் இருக்கட்டும், திருத்தம் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கத் தேர்தல் விவாதங்களைப் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'போரையும் விசாரணை முறைகளையும்கூட மேடையில் நாகரிகமாக அலசும் பக்குவம் நமக்கு எப்போது வரும்?' என்று கட்டுரையாளர் ஏங்கியிருக்கிறார். வராமலே போகட்டும் ஐயா.

அவர் மெச்சும் 2007 மே 15 குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர்கள் விவாதத்தில் என்ன அலசினார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அமெரிக்க வணிக வளாகங்களில் குண்டு வெடித்ததாக நெறியாளர் ஒரு கற்பனைக் கதை சொன்னார். பிடிபட்டவர்களிடம் எந்த அளவுக்குக் கடுமை காட்டுவீர்கள் என்று கேட்டார். பயங்கரவாதச் சந்தேகக் கைதிகளை அமெரிக்கா அடைத்து வைக்கும் குவாண்டனாமோ சிறையை இரண்டு மடங்காக்க வேண்டும் என்றார் மிட் ராம்னி. கைதட்டல். டாம் டான்கிரெடோ, கைதிகளைச் சித்திரவதை செய்து உண்மை வாங்கும் டிவி தொடர் நாயகன் ஜாக் பவரைத் தேடுவேன் என்றார். அதே மேடையில் ரான் பால், நாம் ஈராக்கில் போய்க் குண்டு போட்டதால்தான் பயங்கரவாதிகள் நம்மைத் தாக்குகிறார்கள் என்றார். அந்தப் பேச்சை வாபஸ் வாங்கச் சொல்லிப் பாய்ந்தார் ஜூலியானி. அதற்குத்தான் அரங்கம் அதிர்ந்தது. இதுதான் நாகரிகம் போலும்.

அந்த நெறியாளருக்கு வணிக வளாகம் கற்பனை. எனக்கு அப்படியில்லை. 2003 மார்ச்சில் அமெரிக்கா ஈராக் மீது போர் தொடுத்தபோது நான் பக்கத்து நாடான குவைத்தில் ஸ்டோர் கீப்பர். சைரன் ஊதும்போதெல்லாம் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளறைக்கு ஓடுவோம். கம்பெனி எங்களுக்கு விஷவாயு முகமூடி தரவில்லை. ஜன்னலில் ஒட்டிக்கொள்ள பாலிதீன் தாளும் பழுப்பு டேப்பும் தந்தது, அவ்வளவுதான். மாதக் கடைசியில் ஒரு நள்ளிரவுக்கு மேல் சூக் ஷர்க் வணிக வளாகத்தின் அருகே ஈராக் ஏவுகணை வந்து விழுந்தது. நல்லவேளை, கடைகள் பூட்டியிருந்தன.

அப்புறம், எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் குவைத்தில் சமையல் வேலை என்று ஏஜெண்டிடம் பணம் கட்டி வந்தான். அவனை லாரியில் ஏற்றி எல்லை தாண்டி ஈராக்கில் ஒரு ராணுவ முகாமின் சமையல்கட்டில் இறக்கிவிட்டார்கள். இதைத் தங்கள் பத்திரிகைக்கு 2004-லேயே எழுதினேன். அந்தக் கடிதம் இன்றுவரை வெளியாகவில்லை. இடப் பற்றாக்குறையாக இருக்கலாம். அதே வாரம் நடிகர் வீட்டுத் திருமணத்துக்கு முழுப் பக்கம் கிடைத்தது.

போரை முடிக்கிறேன் என்ற வாக்குறுதியையும் கட்டுரையாளர் புகழ்ந்திருக்கிறார். ஒபாமா பதினாறு மாதத்தில் ஈராக்கிலிருந்து படைகளைத் திருப்பி அழைப்பேன் என்றார். 2011 டிசம்பரில்தான் கடைசிப் படை வெளியேறியது, 2014-ல் மறுபடி போனது. குவாண்டனாமோவை ஓராண்டில் மூடுவதாக 2009 ஜனவரியில் கையெழுத்தே போட்டார். அது இன்னும் திறந்துதான் இருக்கிறது. டிரம்ப் உக்ரைன் போரை ஒரே நாளில் நிறுத்துவேன் என்றார். அவர்தான் 2016-ல் நியூ ஹாம்ப்ஷயர் மேடையில், மூச்சுத் திணறத் தண்ணீர் ஊற்றும் முறையைத் திரும்பக் கொண்டுவருவேன், அதைவிடக் கொடுமையானதையும் கொண்டுவருவேன் என்றவர். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை அவர்கள் நாடு 1994-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஏற்றுக்கொண்ட பிறகு மேடையில் விவாதிக்க என்ன மிச்சம்? நாம் 1997-ல் கையெழுத்திட்டதோடு சரி, இன்னும் உறுதிப்படுத்தவில்லை. கட்டுரையாளர் ஏங்குவதானால் அதற்காக ஏங்கலாமே.

2014-ல் வந்த அமெரிக்க செனட் குழுவின் அறிக்கை, அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ அடைத்து வைத்த 119 பேரில் குறைந்தது 26 பேரைப் பிடித்ததே தவறு என்கிறது. மேடையில் கைதட்டியவர்களுக்கு இந்த 26 பேரைப் பற்றி யார் சொல்வது? தங்கள் கட்டுரையும் சொல்லவில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். 'குடியரசுக் கட்சி வேட்பாளர் ஒருவர்கூட எதிர்க்கவில்லை' என்று கட்டுரையில் இருக்கிறது. அதே 2007 மேடையில் ஜான் மெக்கெய்ன் சித்திரவதையை எதிர்த்தார். வியட்நாம் சிறையில் ஐந்தரை ஆண்டு அடிபட்டு, கைகளைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போனவர். அடுத்த ஞாயிறு இரண்டு வரியில் திருத்தம் வெளியிடுங்கள். ராசிபலனுக்குக் கீழே இடம் இருந்தால்கூடப் போதும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர், மன்னார்குடி