பழைய லியாவுட் படகு ஒன்றை வாங்குவது குறித்து

பால்மா, மயோர்க்கா

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மறுபடியும் காலை நடைக்குப் போகத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்ததில் மகிழ்ச்சி. என் பக்கத்துச் செய்தியைக் கேட்டால் சிரிப்பாய்: இந்த வயதில் படகு வாங்கப் போகிறேன். 2003இல் கட்டிய, 10 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த லியாவுட் ஒன்று தீவின் கிழக்குக் கரையிலுள்ள போர்ட்டோகோலத்தில் விலைக்கு நிற்கிறது. எஞ்சின் அறையிலேயே வாழ்நாளைக் கழித்தவன் நீ என்பதால், விலை பேசி முடிக்குமுன் உன் கருத்து எனக்கு வேண்டும்.

லியாவுட், ஸ்பெயினைச் சேர்ந்த இந்த பலியாரிக் தீவுகளின் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக ஓட்டிய படகு. அணியம் என்னும் முன்முனை, அமரம் என்னும் பின்முனை இரண்டும் கூர்த்திருக்கும், வயிறு உருண்டிருக்கும், முக்கோணப் பாயில் ஓடிக்கொண்டிருந்ததற்குப் பிற்காலத்தில் டீசல் எஞ்சின் வைத்தார்கள். இத்தாலியர்களின் கோட்சோவும், அணியத்தில் கண் வரைந்த மால்டாவின் லுட்சுவும் இதற்கு நெருங்கிய உறவு. இன்று விற்பனைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை பழைய வடிவத்தில் வார்த்த கண்ணாடியிழைப் படகுகள்தாம். நான் பார்த்ததும் அத்தகையதே. முழுவதும் மரத்தாலானவை மலிவாகவே கிடைக்கின்றன. ஆனால் அவற்றைச் செப்பனிடத் தெரிந்த தச்சர்கள் அருகிவிட்டார்கள், எனக்கோ அவ்வளவு பொறுமை இல்லை.

வாங்க வருபவரின் கண் முதலில் போவது மேல்தளத்துத் தேக்கின் மீதுதான்; விற்பவரும் அதைத்தான் மெருகேற்றி வைத்திருக்கிறார். எனக்குக் கவலை தருவதும் அந்தத் தேக்குதான். இருபது ஆண்டு கடந்த படகுகளில் பலகைகளைத் திருகாணியால் இறுக்கியிருந்தால், பலகை தேயத் தேய அந்தத் துளைகளின் வழியே நீர் கசிந்து, இரண்டு கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவில் நிரப்பிய உட்பொருளை ஊறவைத்து மக்கச் செய்துவிடும். தளத்தை உரித்துப் புதிதாகப் போடும் செலவு படகின் விலையில் கணிசமான பங்கை விழுங்கும். ஆகவே ஆய்வாளரைக் கொண்டு படகைக் கரையேற்றி, ஈரமானியால் அளந்து, சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். நீர்க்கோட்டுக்குக் கீழே கொப்புளங்கள் இருந்தாலும் அப்போது தெரிந்துவிடும்.

ஓட்டத்தைப் பொறுத்தவரை எனக்கு மயக்கம் ஏதுமில்லை. நீர்க்கோட்டு நீளம் ஏறத்தாழ 9 மீட்டர் கொண்ட இத்தகைய உருண்ட உடல் மணிக்கு 7 கடல் மைல் வரை சொற்ப டீசலில் ஓடும். அதற்கு மேல் தள்ளினால், தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏற முயன்று எரிபொருளைக் குடிக்கும். நங்கூரமிட்டு நிற்கையில் பக்கவாட்டில் உருளும். என் மனைவிக்கு இதை இன்னும் சொல்லவில்லை.

படகைவிடக் கிடைப்பதற்கு அரியது அதைக் கட்டி வைக்க இடம். இங்குள்ள துறைகள் பலவற்றில் இடத்திற்கான காத்திருப்புப் பட்டியல் மிக நீளம். படகு கைமாறும்போது இடமும் தானாகக் கைமாறும் என்று நம்பிவிட முடியாது. நினைத்த குடாவிலெல்லாம் நங்கூரம் போடவும் முடியாது. கடலடியில் புல்வெளிபோல் வளரும் பொசிடோனியாவின் மீது நங்கூரமிடுவதைத் தீவு அரசு 2018இல் ஆணையிட்டுத் தடுத்திருக்கிறது. அந்தப் புல்லால்தான் இங்கே நீர் இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதால் எனக்கு இதில் குறையில்லை. பதிவேட்டில் கடன் பாக்கி உண்டா, மதிப்புக் கூட்டு வரி கட்டிய சான்று இருக்கிறதா என்பவற்றை வழக்கறிஞர் பார்த்துக்கொள்கிறார்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. இந்தப் படகில் இரண்டு டீசல் எஞ்சின்கள். இதே அளவில் ஒற்றை எஞ்சின் படகொன்றும் பார்த்தேன். அதை உந்தும் சுழலி, படகின் அடிமுதுகான ஏராவுக்குப் பின்னால் மறைவாக இருப்பதால் கயிறோ வலையோ சிக்கும் வாய்ப்புக் குறைவு, பராமரிப்பும் பாதி. ஆனால் மத்தியதரைக் கடல் வழக்கப்படி அமரத்தைக் கரைப்பக்கம் திருப்பி, இரு படகுகளுக்கு நடுவே பின்னோக்கி நுழையும்போது, காற்று பக்கத்திலிருந்து அடித்தால், இரட்டை எஞ்சின்காரன்தான் பதற்றமில்லாமல் நுழைகிறான். இன்னொன்று: ஓடிய மணிநேரம் மிகக் குறைவு என்று விற்பவர் பெருமையாகச் சொல்கிறார். பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற கடல் எஞ்சினில் வெப்பமாற்றியும் புகைக்குழாய் வளைவும் உப்பரித்துப் போயிருக்கும் என்று நீ முன்பு சொன்னது நினைவிருக்கிறது. எனவே நான் வருமுன் எஞ்சினைச் சூடேற்றி வைக்கக் கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். குளிர்ந்த நிலையில் கிளப்பும்போது புகையின் நிறத்தைத் தவிர வேறு எதைக் கவனிக்க வேண்டும், முழு வேகத்தில் எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும், எண்ணெயைச் சோதனைக்கு அனுப்புவதால் பயனுண்டா என்று விரிவாக எழுது. கரையேற்றும் தேதி அடுத்த மாதத் தொடக்கத்தில் இருக்கும். அதற்குள் உன் பதில் வந்தால் நல்லது.

அன்புடன்,
சேகர்