தோட்டத்துக்குள் வேன் சேவை கேட்டு மூன்றாவது மனு

பெறுநர்:
பொதுப் போக்குவரத்துப் பிரிவு அதிகாரி அவர்கள்,
செபராங் பிறை, பினாங்கு.

அனுப்புநர்:
ஜாவி வட்டாரப் பழைய தோட்டக் குடியிருப்பு மக்கள்.

பொருள்: எங்கள் உள்சாலையிலிருந்து நிபோங் திபால் டவுன் வரை சிறு வேன் சேவை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த ஆண்டு மார்ச்சில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று என இரண்டு மனுக்களை நேரிலேயே கொடுத்தோம். இரண்டிலும் 'டித்தெரிமா' (பெற்றுக்கொள்ளப்பட்டது) முத்திரை விழுந்தது. அதோடு சரி. தங்களுக்குப் பணிச்சுமை அதிகம் என்பதை அறிவோம். ஆகவே மறுபடியும் பணிவுடன் எழுதுகிறோம்.

1. இடம் தாங்கள் அறிந்ததே. மாரியம்மன் கோயில் வளைவைத் தாண்டிச் செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் 3 கிலோமீட்டர் சாலை.

2. ஆள் குறைவு, பஸ் விட்டால் கட்டாது என்று பஸ் கம்பெனிக்காரர் வாய்மொழியாகச் சொன்னார். ஆள் எண்ண வந்தவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு வந்தார். அந்நேரம் பிள்ளைகள் பள்ளியில், இளவட்டங்கள் பத்து காவான் வட்டாரத் தொழிற்சாலைகளில். நாங்களே வீடு வீடாகப் போய் எண்ணினோம்: 58 வீடு, 231 பேர், அதில் 60 வயது தாண்டியவர்கள் 64. 2020 கணக்கெடுப்பில் பினாங்கு மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டியது. அதில் நாங்களும் சேர்த்திதானே ஐயா?

3. இம்மனுவை எழுதுவது நான்; என் அம்மாவுக்கு 67 வயது. பால்மரம் சீவி எங்களை ஆளாக்கியவர். செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டவுனில் டயாலிசிஸ், தடவைக்கு 4 மணி நேரம். (ஆள் எண்ண வந்த அன்றும் அவர் டவுனில்தான் இருந்தார், அந்தக் கணக்கில் அவர் இல்லை.) போகும்போது என் மோட்டாரில் கூட்டிப் போய்விடுவேன். திரும்பும்போது நான் வேலையில் இருப்பேன். கைப்பேசி ஆப்பில் வாடகைக் கார் கூப்பிட்டால், தோட்டத்துச் சாலை என்று தெரிந்ததும் ரத்து செய்துவிடுகிறார்கள். போன சனிக்கிழமை பெருஞ்சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கூரையில்லாத நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறார். ஊசி குத்திய கையில் பஞ்சு ஒட்டியபடி. அந்தக் கையில் பாரம் தூக்கக்கூடாது என்று தாதி சொல்லியிருப்பதால் பையும் குடையும் மற்றக் கையில். தலை சுற்றி, நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். பழக்குலை லாரி ஒன்று சேற்றை வாரியடித்துவிட்டுப் போனது. கடைசியில் மீன் வேன்காரர்தான் பார்த்து, ஐஸ் பெட்டி பக்கத்தில் உட்கார வைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார். சேலையெல்லாம் மீன் தண்ணீர்.

4. அந்த மீன் வேன் தினமும் வருகிறது. அப்படியானால் சாலையில் குறை இல்லை. எங்கள் ஊருக்குக் கெம்போங் மீன் வரலாம், பஸ் வரக்கூடாதா?

5. நிபோங் திபால் ரயில் நிலையத்துக்குப் போய்விட்டால் கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி ஏறினால் ஜார்ஜ்டவுன். எல்லாம் இருக்கிறது. நிலையம் வரை போவதற்குத்தான் வழியில்லை.

6. 2014-இல் கடல்மேல் இரண்டாவது பாலம் திறந்தார்கள், 24 கிலோமீட்டர். எங்களுக்கு வேண்டியது 3! தொழிற்சாலைக் கம்பெனி பஸ் காலையும் மாலையும் பாதி காலியாகக் கோயில் வளைவு வரை வந்து திரும்புகிறது, ஏறினால் இறக்கிவிடுகிறார்கள். இதையெல்லாம் போன மனுவிலும் எழுதினோம். படித்தீர்களா ஐயா?

கோபத்தில் எழுதிவிட்டோம், பொறுத்தருளவும். பெரிய பஸ் கேட்கவில்லை. காலை 5.30-க்கு ஒன்று, 11 மணிக்கு ஒன்று, பன்னிரண்டு பேர் உட்காரும் ஒரு வேன் போதும். கட்டணம் கொடுத்துத்தான் ஏறுவோம். டயாலிசிஸ் நாள் மூன்றுக்காவது முதலில் விடுங்கள். தயவுசெய்து விடுங்கள்.

இந்த முறை முத்திரையோடு பதிலும் வேண்டும்.

இப்படிக்கு,
குடியிருப்பாளர்கள்

இணைப்பு: 49 கையொப்பம், 7 கைநாட்டு. முந்தைய இரு மனுக்களின் நகல்.