பிழை யார் தலையில் விழும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு வேலைகளுக்கு ஆள் வைப்பது வீண் செலவு என்றும், இன்வெர்ட்டர் முதல் கீசர் வரை எல்லாவற்றையும் தாமே பொருத்திக்கொண்டதால் பெருந்தொகை மிச்சமானது என்றும் வாசகர் ஒருவர் தங்கள் இதழில் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். அவருடைய உழைப்பை மதிக்கிறேன். ஆயினும், டர்பன் நகராட்சியின் மின்துறையில் மின்கம்பிப் பணி செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அக்கடிதத்தில் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்லாமல் இருப்பது சரியாகாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ளும் பழக்கம் நமக்கு எப்படி வந்தது என்பதை மறந்துவிட்டு இதைப் பேசக்கூடாது. தென்னாப்பிரிக்காவில் இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தின் காலத்தில், டர்பனின் மேகசின் பாரக்ஸ், கேட்டோ மேனர் ஆகிய பகுதிகளிலிருந்து பெயர்க்கப்பட்டு, இந்தியருக்கென ஒதுக்கப்பட்ட சாட்ஸ்வொர்த்துக்கு 1960களில் வந்த நம் பெற்றோருக்குக் கிடைத்தவை சிறிய நகராட்சி வீடுகள். அவற்றோடு ஓர் அறையைச் சேர்த்ததும், சமையலறையை நீட்டியதும், சரிவான மண்ணை வெட்டிச் சமன்படுத்தியதும், அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி உழைத்த கைகள்தாம். ஆள் வைக்கப் பணம் இல்லை. முறையாகத் தொழில் கற்கும் வாசல்களும் நம்மவர்க்கு எளிதில் திறக்கவில்லை. ஒப்பந்தக் கூலியாக இந்த மண்ணுக்கு வந்த எம்.எல். சுல்தான் அவர்களின் கொடையால் 1946இல் உருவான தொழில்நுட்பக் கல்லூரி எத்தனை குடும்பங்களின் நிலையை மாற்றியது என்பதை என் வயதினர் அறிவர். அக்கல்லூரி இன்று டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிறது. சான்று பெற்ற எலக்ட்ரீஷியனாக நம் பிள்ளை ஒருவன் வெளிவருவதற்கு அன்று என்ன பாடு பட்டோம் என்பதை நினைத்தால், அந்தச் சான்றுக்கு மதிப்பில்லை என்று பேச எனக்கு மனம் வரவில்லை.

தன் கையே தனக்குதவி என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. சுவருக்கு வண்ணம் அடிப்பது, தரையில் டைல் பதிப்பது, குழாயின் வாஷரை மாற்றுவது, அலமாரி செய்வது போன்றவற்றை நாமே செய்யலாம், பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கலாம். அவற்றில் தவறு நேர்ந்தால் நட்டம் செய்தவருடையது, திருத்திக்கொள்வதும் அவர் கையில் இருக்கிறது. ஒரு வேலையை நாமே செய்யலாமா என்று முடிவெடுக்கும்போது, அது கடினமா எளிதா, எவ்வளவு மிச்சமாகும் என்று மட்டும் கணக்கிடுகிறோம். அதில் நேரும் பிழை யார் தலையில் விழும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. வீட்டின் பின்புறத் துணைக்கட்டடத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பம், சரிவின் கீழே உள்ள அண்டை வீட்டார், நாளை அவ்வீட்டை வாங்கப்போகிறவர் ஆகியோர் தலையில் அது விழுமானால், அந்த வேலைக்குச் சட்டப்படி பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் வேண்டும்.

அவ்வாசகர் குறிப்பிட்ட இன்வெர்ட்டரையே எடுத்துக்கொள்கிறேன். லோட் ஷெடிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்த 2023ஆம் ஆண்டில் நம் பகுதிகளில் இன்வெர்ட்டர்களும் பேட்டரிகளும் சோலார் பேனல்களும் வேகமாகப் பெருகின. 2024 மார்ச் மாத இறுதியிலிருந்து மின்வெட்டு பெருமளவு தணிந்தது. ஆனால் அன்று அவசரத்தில் பொருத்தியவை அப்படியே சுவர்களில் இருக்கின்றன. நம் டி.பி. போர்டில், அதாவது வீட்டின் மின்பகிர்வுப் பலகையில், உள்ள எர்த் லீக்கேஜ் கருவி, 30 மில்லிஆம்பியர் மின்சாரம் மண்ணுக்குக் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும்படி அமைந்தது. அது தன் கடமையைச் செய்ய வேண்டுமானால், மின்சாரம் புறப்படும் இடத்தில் நியூட்ரல் கம்பி எர்த்துடன் பிணைந்திருக்க வேண்டும். நகராட்சி மின்சாரம் வரும்போது அந்தப் பிணைப்பு வெளியே ஏற்கனவே இருக்கிறது. மின்வெட்டின்போது இன்வெர்ட்டர் வெளி இணைப்பை அறுத்துக்கொண்டு தனித்து இயங்கத் தொடங்கினால், அந்தப் பிணைப்பும் அறுந்துபோகலாம். அதை இன்வெர்ட்டர் பக்கத்தில் முறையாக மீண்டும் அமைத்துத் தருவது பொருத்துகிறவரின் பொறுப்பு. அமைக்காவிட்டாலும் விளக்கு எரியும், ஃப்ரிட்ஜ் ஓடும், எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே தோன்றும். ஏதோ ஒரு கருவியின் உலோக உடலில் மின்சாரம் கசியத் தொடங்கினால் அந்தப் பழுது எந்த அறிவிப்பும் இல்லாமல் கிடக்கும். இரண்டாவது பழுது ஒன்று அதனோடு சேரும் நாளில், காப்பாற்ற வேண்டிய கருவி துண்டிக்கும் என்று உறுதி கூற முடியாது.

கருவியில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்தோம், சுவிட்ச் விழுந்தது, ஆகவே பயமில்லை என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பொத்தான் கருவியின் உள்ளமைப்பு இயங்குகிறதா என்பதை மட்டுமே காட்டும். எர்த் பிணைப்பு இல்லாத நிலையிலும் அது விழும். பிணைப்பு இருக்கிறதா என்பதை அளவுகருவி கொண்டு சோதித்தால்தான் தெரியும். அந்த அளவுகருவியும் அதைப் படிக்கும் அறிவும் பயிற்சி பெற்றவரிடம் இருப்பவை. சோலார் பேனலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் ஓடும் ஏ.சி. மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொட்டுச் செல்வதால், தளர்ந்த இணைப்பில் எழும் தீப்பொறி தானே அணைய வாய்ப்பு உண்டு. பேனலிலிருந்து இறங்கும் டி.சி. மின்சாரத்தில் அந்த வாய்ப்பு இல்லை. பொறி எரிந்துகொண்டே இருக்கும், வெயில் உள்ளவரை பேனலும் மின்சாரத்தைத் தந்துகொண்டே இருக்கும்.

இதைவிட என்னை வருத்துவது ஜெனரேட்டர் வைத்திருப்போரின் ஒரு பழக்கம். இரண்டு முனையிலும் பிளக் மாட்டிய கம்பியால் ஜெனரேட்டரைச் சுவர் சாக்கெட்டில் செருகி, வீடு முழுவதற்கும் மின்சாரம் ஏற்றுகிறார்கள். மெயின் சுவிட்சை அணைக்க ஒருமுறை மறந்தால் போதும். அந்த 230 வோல்ட் மின்சாரம் தெருக்கம்பிக்குச் சென்று, மின்மாற்றி வழியாகப் பின்னோக்கி ஏறி, மறுபக்கத்தில் 11,000 வோல்ட்டாக நிற்கக்கூடும். 2022 ஏப்ரல் வெள்ளத்தின்போது நம் குவாஸூலு-நட்டால் மாகாணத்தில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாலையும் பாலமும் மின்கம்பமும் சரிந்து கிடந்தன. அத்தகைய வேளையில், மழையில், இருட்டில், மின்சாரம் இல்லாத கம்பி என்று நம்பி அதைத் தொடப்போகிறவர் ஒரு நகராட்சி ஊழியர். சோதித்து, எர்த் செய்த பின்னரே கை வைக்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட விதி. ஆனால் ஒருவருடைய உயிர் இன்னொருவர் வீட்டுச் சுவிட்சை நம்பி இருக்கும்படி விடுவது அறமாகாது. அவருக்கும் வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு.

கீசரில் சொட்டும் பாதுகாப்பு வால்வை அடைத்துவிடுகிறவர்களையும், சரிவில் கட்டிய தாங்குசுவரில் நீர் வடியத் துளை விடாதவர்களையும் இதே வகையில்தான் சேர்க்க வேண்டும். அடைத்த கீசர் அழுத்தம் தாங்காமல் வெடிக்கக்கூடும். துளையில்லாத சுவர் பின்னால் தேங்கிய மழைநீரின் அழுத்தத்தால் கீழ்வீட்டின் மீது சாயக்கூடும்.

பணம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2009ஆம் ஆண்டின் மின் நிறுவல் விதிகளின்படி, சி.ஓ.சி. என்று நாம் அழைக்கும் இணக்கச் சான்றிதழைப் பதிவு பெற்றவர் மட்டுமே, அதுவும் நேரில் பார்த்துச் சோதித்த பிறகே, சோதனை அறிக்கையுடன் சேர்த்து வழங்க வேண்டும். வீடு கைமாறும்போது அது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. ஆனால் டி.பி. போர்டின் மூடியைக்கூடத் திறக்காமல், தொலைபேசியில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுக் காகிதம் எழுதித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். வீட்டை விற்கும் அவசரத்தில் நம்மவர்களே அவர்களைத் தேடிப்போகிறோம். தானே செய்தவருக்குத் தன் வேலையில் எங்கே ஐயம் என்பதாவது தெரியும். இந்தக் காகிதத்தை நம்பிக் குடியேறும் குடும்பத்துக்கு அதுவும் தெரியாது. ஆகையால் வருகிறவரிடம் பதிவு அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், சோதனை செய்யும்போது அருகில் நில்லுங்கள், அறிக்கையில் எண்கள் நிரப்பப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். இதைக் கேட்பதால் நல்ல தொழிலாளி கோபப்படமாட்டார்.

செலவைப் பற்றி அவ்வாசகர் எழுதியதில் நியாயம் உண்டு. அரசு உதவித்தொகையில் வாழும் முதியவர் ஒருவருக்கு எலக்ட்ரீஷியனின் கூலி பெரிய சுமை. ஆனால் வேலையைப் பிரித்துக்கொள்ள வழி இருக்கிறது. கம்பி போகும் இடத்தில் சுவரை வெட்டுவது, குப்பையை அள்ளுவது, வேலை முடிந்தபின் பூசி வண்ணம் அடிப்பது ஆகியவற்றை வீட்டார் செய்துகொள்வதாக முன்கூட்டியே பேசினால் கூலி குறையும். பேரனோ மருமகனோ உதவிக்கு வந்தால் இன்னும் குறையும். நான் அறிந்த எலக்ட்ரீஷியன்களில் பலர் இதற்கு மகிழ்ச்சியுடன் உடன்படுவார்கள். இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: 2023 மார்ச் முதல் 2024 பிப்ரவரி வரை புதிய சோலார் பேனல்களின் விலையில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 15,000 ரேண்ட் வரை, வருமான வரியில் சலுகை கிடைத்தது. சான்றிதழ் இல்லாதவர்கள் அதைக் கோர முடியவில்லை. மிச்சம் பிடித்ததாக எண்ணியவர்களில் சிலர் அவ்வாறு இழந்தார்கள். தீ விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுப்பதற்கும் சான்றிதழ் இல்லாமை இடம் கொடுக்கும்.

கடைசியாக நம் கோயில்களைப் பற்றி. காவடிக்கும் தீமிதிக்கும் தொண்டர்கள் பந்தல் போட்டு, எக்ஸ்டென்ஷன் கம்பிகளை ஒன்றோடொன்று மாட்டி விளக்கும் ஒலிபெருக்கியும் அமைக்கிறார்கள். அவர்களுடைய பக்தியில் குறையில்லை. ஆனால் மஞ்சள்நீரும் பாலும் சிந்திய தரையில் நூற்றுக்கணக்கானோர் வெறுங்காலுடன் நடக்கும் இடம் அது. நம் சமூகத்தில் பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன்கள் ஏராளமாக இருக்கிறார்கள். கேட்டால் தெய்வப்பணியாக எண்ணி வருவார்கள். தொண்டர்கள் கம்பி இழுக்கட்டும். கொடியேற்றத்துக்கு முதல் நாள் அந்த எலக்ட்ரீஷியன்களில் ஒருவர் வந்து ஒவ்வொரு இணைப்பையும் அளந்து கையெழுத்திட்ட பிறகே மின்சாரம் ஏற்றுவது என்று கோயில் நிர்வாகக் குழுக்கள் தீர்மானிக்க வேண்டும். எதிர்வரும் தைப்பூசத்துக்கு முன் இவ்வேண்டுகோளைத் தங்கள் இதழில் வெளியிட்டு உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மின்துறை ஊழியர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.