ஜன்னலில் விளக்கு வைத்தவர்களுக்கு

தமிழ்ப் பள்ளி நண்பர்களுக்கு,

தெருக்காரர்களுக்கு நன்றிக் கடிதம் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று. உங்களுக்குத் தமிழில் எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும்.

என் கணவர் வீட்டார் யூதர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களுடைய எட்டு நாள் விளக்குத் திருவிழாதான் ஹனுக்கா. போன ஹனுக்காவின் மூன்றாம் இரவு, விளக்கு வைத்திருந்த வாசல் ஜன்னலில் யாரோ கல்லெறிந்தார்கள். கண்ணாடி போனது, நல்லவேளை யாருக்கும் அடியில்லை. மறுநாள் மாமியார் விளக்கைச் சாப்பாட்டு மேசைக்கு மாற்றினார். அதற்கு யூதர்களின் பழைய சட்ட நூலான தால்முதிலேயே இடமுண்டு. விளக்கு வெளியே தெரிய வேண்டும், ஆபத்துக் காலத்தில் மட்டும் மேசையில் வைத்தால் போதும். அந்தக் காலத்திலேயே இப்படி ஒரு விதிவிலக்கு தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள்!

முதலில் வந்தவர் எதிர்வீட்டு பாய். குளிர் உள்ளே வராமல் பலகை அடித்துக் கொடுத்தார், காசுப் பேச்சை எடுக்கவே விடவில்லை. அப்புறம் அக்கா. கோஷர் என்கிற யூத உணவு விதியெல்லாம் தெரியாது, வம்பே வேண்டாம் என்று கூடை நிறையப் பழமாகக் கொண்டுவந்தார். மாமியார் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

ஐந்தாம் இரவு வெளியே பார்த்தால், கார்த்திகைக்கு வாங்கி மிச்சமிருந்த அகல்கள் உங்கள் ஜன்னல்களில் எரிந்தன. பிள்ளைகள் வரைந்த ஒன்பது கிளை விளக்குப் படங்களும் ஒட்டியிருந்தன. எட்டு இரவுக்கு எட்டுக் கிளை, மற்றவற்றை ஏற்றும் விளக்குக்கு ஒன்று. ஒன்றில் மட்டும் கணக்குத் தப்பிப் பத்துக் கிளை.

மாமனார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு பில்லிங்ஸ் கதையைச் சொன்னார். 1993 டிசம்பரில், மொன்டானா மாநிலத்தின் அந்த ஊரில் ஒரு யூதச் சிறுவனின் அறை ஜன்னலைக் கல்லால் உடைத்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை முழுப்பக்க விளக்குப் படம் அச்சிட, யூதரல்லாத ஆயிரக்கணக்கான வீடுகளில் அதை ஜன்னலில் ஒட்டினார்கள். இதைச் சொல்லிவிட்டு அவரே விளக்கைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய இடத்தில் வைத்தார்.

எபிரேயத்தில் நம்பிக்கைக்குத் 'திக்வா' என்று பெயர். அதே சொல்லுக்குக் கயிறு என்றும் பொருள். பைபிளின் யோசுவா நூலில் ராகாப் என்ற பெண் தன் ஜன்னலில் கட்டும் சிவப்புக் கயிறும் திக்வாதான். இதை மாமனார் முன்பே பலமுறை சொல்லியிருக்கிறார். அன்றுதான் என் காதில் ஏறியது.

ஹனுக்காவில் எந்த இரவு எத்தனை விளக்கு ஏற்றுவது என்று அந்தக் கால யூத குருமார்களிடையே ஒரு வாதம் உண்டு. எட்டில் தொடங்கி நாளுக்கு ஒன்று குறைக்கலாம் என்றார்களாம் ஷம்மாய் என்ற குருவின் சீடர்கள். ஒன்றில் தொடங்கிக் கூட்ட வேண்டும் என்றது இன்னொரு குருவான ஹில்லேலின் கட்சி. ஜெயித்தது ஹில்லேல். அதனால்தான் எட்டாம் இரவு, நீங்கள் எல்லோரும் எங்கள் கூடத்தில் நெருக்கியடித்து நின்றபோது, விளக்கு முழுசாக எரிந்தது.

உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. பத்துக் கிளைப் படம் எங்கள் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கிறது, தரமாட்டோம். பாய், உங்கள் சுத்தியல் இங்கேதான் இருக்கிறது. வாங்கிக்கொள்ள வரும்போது டீ குடித்துவிட்டுத்தான் போகவேண்டும்.