கூடாரத் திரையைத் தைத்தவர்களுக்கு வரம் இல்லையா?

கர்த்தருக்குள் அன்பான ஆசிரியர் அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

சென்ற மாத இதழில், இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனை ஆராதிக்க எழுப்பின ஆசரிப்புக் கூடாரத்தின் அடையாளங்கள் பற்றிய தொடரைப் படித்தேன். இளநீலம் பரலோகம், இரத்தாம்பரம் என்கிற ஊதா ராஜரிகம், சிவப்பு சிலுவையின் இரத்தம், மெல்லிய பஞ்சுநூல் பரிசுத்தம் என்று இரண்டு பக்கத்துக்கு விளக்கம் இருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. கட்டுரை முடிந்த இடத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்த நாலு வரிதான் மனசைக் குத்திவிட்டது. தையல், சமையல், தச்சு வேலை, பாட்டு இதெல்லாம் பிறவியிலேயே வருகிற இயற்கைத் திறமை, அவிசுவாசிகளுக்கும் அது உண்டு, அதை ஆவியின் வரம் என்று நினைத்து யாரும் திருப்தியாகிவிடக் கூடாது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் எந்தக் கட்டுரைக்குக் கீழே? கூடாரத்துத் திரையைப் பற்றின கட்டுரைக்குக் கீழே. அந்தத் திரைக்கு நூல் நூற்றது யார், தைத்தது யார் என்று உங்களில் ஒருவருக்குக்கூடவா தோன்றவில்லை?

வேதம் உங்களுக்குத் தெரியாததில்லை. யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் ஒருவனைப் பேர்சொல்லி அழைத்து, அவனைத் தேவ ஆவியால் நிரப்பினேன் என்கிறார். அது தலைவனான மோசே இல்லை, ஆசாரியனான ஆரோன் இல்லை. பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்கிற பெசலெயேல். அதற்கு முன்பே 28-ஆம் அதிகாரம் 3-ஆம் வசனத்தில், ஆரோனுக்கு உடை தைக்கிறவர்களை ஞானத்தின் ஆவியால் நிரப்பினேன் என்று சொல்லியாயிற்று. தையற்காரர்களை! 35-ஆம் அதிகாரத்தில் பெண்கள் தங்கள் கைகளினால் நூற்று, இளநீலநூலும் இரத்தாம்பரநூலும் சிவப்புநூலும் கொண்டுவந்தார்கள் என்று இருக்கிறது. நிறத்துக்கு இரண்டு பக்கம் எழுதியவருக்கு இந்தப் பெண்களுக்கு ஒரு வரி எழுத இடம் இல்லாமல் போய்விட்டது.

நான் தையல் தொழில் செய்கிறவள், அதனால் எனக்கு அந்த அதிகாரங்களில் வேறு விஷயம் கண்ணில் படும். ஒரு மூடுதிரை 28 முழ நீளம், 4 முழ அகலம். ஒரு முழம் ஒன்றரை அடி என்று வைத்தால் 42 அடி நீளம் வருகிறது. அப்படி ஐந்தை ஒன்றாக இணைத்து ஒரு பக்கம், இன்னும் ஐந்தை இணைத்து மறுபக்கம், இரண்டின் ஓரத்திலும் கொக்கி மாட்டுகிற வளையமாக ஐம்பது ஐம்பது காதுகள், நடுவில் ஐம்பது பொன் கொக்கிகள். ஏறக்குறைய 10 அங்குலத்துக்கு ஒரு காது. எதிர் எதிராக வர வேண்டும். ஒரு காது அரை விரல் தள்ளிப் போனாலும் மாட்டும்போது துணி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு சுருங்கும், அப்புறம் அங்கிருந்து கடைசிவரைக்கும் எதுவும் நேராக வராது. வனாந்தரத்தில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் பிசகாமல் தைத்த கைக்குள் தேவ ஆவியானவர் இருந்தார் என்று வேதமே சொல்லும்போது, இல்லை, அது வெறும் திறமைதான் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

நிறங்களின் அர்த்தத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மெல்லிய வஸ்திரம் பரிசுத்தவான்களுடைய நீதி என்று வெளிப்படுத்தின விசேஷம் 19-இல் வேதமே சொல்கிறது. தூபவர்க்கம் ஜெபங்கள் என்றும், குத்துவிளக்குகள் சபைகள் என்றும் அதே புத்தகம் சொல்கிறது. ஜீவத்தண்ணீர் ஆவியானவரைக் குறித்தது என்று யோவான் 7-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கூடாரத்து இளநீலத்துக்கு என்ன அர்த்தம் என்று வேதத்தில் எங்கேயும் சொல்லவில்லை. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் அதே துணியைப் பற்றி, பஞ்சுநூல் பூமி, இரத்தாம்பரம் கடல், இளநீலம் ஆகாயம், சிவப்பு நெருப்பு என்று எழுதினார். ஆளுக்கு ஆள் மாறுகிற அர்த்தத்தை இவ்வளவு உறுதியாக அச்சில் போடுகிறீர்கள். வேதத்தில் பச்சையாக எழுதியிருக்கிறதைக் கட்டம் கட்டி மறுக்கிறீர்கள்.

இந்த வருத்தம் இன்றைக்கு நேற்று வந்ததில்லை. எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் கீழுள்ள சபைகளில்) ஒருமுறை வரங்களைக் கண்டறியும் முகாம் என்று நடத்தினார்கள். ஒரு படிவம் கொடுத்து, கேள்விக்குக் கேள்வி மதிப்பெண் போடச் சொன்னார்கள். கூட்டிப் பார்த்த தம்பி என் முகத்தைப் பார்க்காமலே, "அக்கா, உங்களுக்கு வரம் எதுவும் தெளிவா வரலை, ஜெபம் பண்ணுங்க" என்றான். சின்னப் பையன், அவன்மேல் கோபமில்லை. அந்தப் படிவத்தில் பிரசங்கம் உண்டு, போதகம் உண்டு, தீர்க்கதரிசனம் உண்டு. கையால் செய்கிற வேலைக்கு ஒரு கேள்விகூட இல்லை. பேதுரு தன் முதலாம் நிருபம் நாலாம் அதிகாரத்தில் வரத்தைப் பற்றிப் பேசும்போது போதிக்கிறவனையும் உதவிசெய்கிறவனையும் சரிக்குச் சரி பக்கத்தில் பக்கத்தில்தானே நிறுத்துகிறார்?

இன்னொரு முறை கன்வென்ஷன் கூட்டத்துக்கு மேடைப் பின்திரை கூடாரத்தின் நிறங்களில் வேண்டும் என்று கேட்டார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து ராத்திரி வரைக்கும் உட்கார்ந்து தைத்தோம். வந்த ஊழியர் அந்தத் திரையைக் கைகாட்டியே அருமையாகச் செய்தி கொடுத்தார். முடிவில் மைக்செட்காரர் முதல் பந்தல்காரர் வரைக்கும் நன்றி சொன்னார்கள், தைத்தவர்களை யாரும் நினைக்கவில்லை. அதே செய்தியில், இயேசு வீட்டுக்கு வந்தபோது உட்கார்ந்து கேட்காமல் வேலையிலேயே இருந்த மார்த்தாளைப் பற்றி வேறு, அடுப்படியிலேயே நிற்கிற சகோதரிகள் நல்ல பங்கை இழந்துபோகிறீர்கள் என்று. அன்றைக்கு அவருக்கும் சேர்த்துச் சமைத்தவர்கள் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அசனத்துக்கும், அதாவது சபை விருந்துக்கும், சோறு பொங்குகிற பெண்களுக்கு ஒவ்வொரு வருஷமும் இதே மார்த்தாள் செய்திதான். நீரே கிறிஸ்து, தேவனுடைய குமாரன் என்று யோவான் 11-இல் அறிக்கையிட்டவளும் அதே மார்த்தாள்தான், அடுத்த அதிகாரத்தில் பெத்தானியாவில் மறுபடி பந்தியில் பணிவிடை செய்கிறாள், அங்கே ஆண்டவர் அவளை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. இதை ஏன் யாரும் பிரசங்கிப்பதில்லை?

என் அம்மா லேஸ் பின்னுகிறவர். தலையணையில் குண்டூசி குத்தி, நூல் சுற்றின மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போடும்போது வாய்க்குள் சங்கீதம் ஓடிக்கொண்டே இருக்கும். ஊரில் ஒரு சாவு விழுந்தால் எந்த நேரமானாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அம்மா எழுந்து வெள்ளைத் துணியை எடுத்து, பெட்டிக்கு உள்புறம் சுற்றிலும் கொசுவம் வைத்துத் தைத்துக் கொடுப்பார். ஏழை வீடு, பணக்கார வீடு என்று வித்தியாசம் கிடையாது, கொசுவம் ஒரே அளவாகத்தான் இருக்கும். குழந்தை இறந்த வீடென்றால் ஓரத்தில் கொஞ்சம் லேஸ் வைப்பார். அந்தத் தாய் கடைசியாகப் பார்க்கப்போவது அதைத்தான் என்பார். மேடை ஏறி ஒருநாளும் பேசாத என் அம்மாவிடம் இருந்த ஆறுதல் சொல்லும் வரத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. யோப்பாவில் தொற்காள் இறந்தபோது விதவைகள் பேதுருவிடம் அழுதுகொண்டே காட்டினது அவள் செய்த அங்கிகளையும் வஸ்திரங்களையும்தானே.

1819-இல் லண்டன் மிஷன் ஊழியரான கணவரோடு நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தது உங்களுக்குத் தெரிந்த சரித்திரம்தான். அதில் அடிமைப் பிள்ளைகளும் இருந்தார்கள், பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்து விடுதலை வாங்கினவர்களும் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழித்து அரசாணை வந்தது 1855-இல்தான். அதற்கும் முன்னால் சில பெண்களை அவர்கள் கைவேலையே மீட்டது. இதையும் இயற்கைத் திறமை என்று தள்ளிவிடுவீர்களா?

அவிசுவாசிக்கும் இது உண்டே என்கிறீர்கள். உண்டுதான். சாலொமோன் ஆலயத்து வெண்கல வேலைக்கு அந்நிய தேசமான தீருவிலிருந்து வரவழைத்த ஈராமின் தகப்பன் தீரு தேசத்தான், மகனும் தகப்பன் செய்த கன்னார் வேலையைத்தான் செய்தான். ஆனாலும் அவனை ஞானத்தாலும் புத்தியாலும் அறிவாலும் நிறைந்தவன் என்று, பெசலெயேலுக்குச் சொன்ன அதே சொற்களால் வேதம் சொல்கிறது. பிறப்பிலேயே கொடுத்தவரும் அவர், பிற்பாடு நிரப்புகிறவரும் அவர். இரண்டுக்கும் நடுவில் நாம் ஏன் சுவர் எழுப்ப வேண்டும்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தொடரின் அடுத்த பகுதியில் யாத்திராகமம் 28:3, 31:1-6, 35:25-26 ஆகிய வசனங்களை முழுதாக அச்சிடுங்கள். ஸ்தோத்திரப் பண்டிகைச் செய்தி போடும்போது பிரசங்கியார் பெயரோடு பீடத்து விரிப்பு தைத்தவர்கள், அசனம் சமைத்தவர்கள் பெயரையும் போடுங்கள். போன தடவை நான் எழுதின கடிதத்தை மூன்று வரியாகச் சுருக்கிவிட்டீர்கள். இதையாவது முழுதாகப் போடும்படி தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

கர்த்தருக்குள் சகோதரி,
ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்