மகப்பேறு மருத்துவரை நியமியுங்கள்: மருத்துவமனை நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். எங்கும் சேர்த்துக்கொள்ளப்படாத ஏழைப் பெண்களுக்கென ஒரு பேறுகால மருத்துவகம் தொடங்குவதாக நீங்கள் அறிவித்தது முதல் நடந்தவை அனைத்தும் உங்களுக்குத் தெரியும். "மகப்பேறு மருத்துவர் பணிக்கு எவரும் விண்ணப்பிக்காததால் திட்டம் தள்ளிவைக்கப்படுகிறது" என்ற சுற்றறிக்கை சென்ற வாரம் எங்கள் பிரிவின் கதவில் ஒட்டப்பட்டது. அதே வாரம் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்த ஒருவரைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும்.

வீட்டு வேலை செய்து பிழைக்கும் பெண். 34 வாரக் கர்ப்பம். விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறக்கிறது என்றார். விரல்கள் வீங்கி மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. இரத்த அழுத்தம் 160/110, சிறுநீரில் புரதம்: வலிப்பில் கொண்டுபோய் விடக்கூடிய கர்ப்பகால இரத்த அழுத்த நோயின் அறிகுறிகள். கையில் நான்காக மடித்த ஒரு சீட்டு. அதில் மூன்று இடங்களின் முத்திரைகள். முதல் இடத்தில் "மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது" என்று எழுதியிருந்தார்கள். அடுத்த இடத்தில் மருத்துவர் வாரம் ஒருநாள்தான் வருவாராம். மூன்றாவது இடத்தில் பழைய பதிவேடு இல்லாமல் பார்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். முத்திரை குத்திய ஒவ்வொருவரும் தம் கடமை முடிந்துவிட்டதாகவே நினைத்திருப்பார்கள்.

எங்கள் அலமாரியில் மெக்னீசியம் சல்பேட் இருந்தது. 33 நாடுகளில் ஏறத்தாழ 10,000 பெண்களிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வு, இந்நிலையில் வரும் வலிப்பின் அபாயத்தை அது பாதிக்கும் கீழாகக் குறைக்கும் என்று காட்டியது. விலை குறைந்த, பழைய மருந்து. ஆனால் மருத்துவரின் உத்தரவின்றி நாங்கள் அதைப் போடக்கூடாது என்பது உங்கள் விதி. ஒரு மருத்துவரைத் தொலைபேசியில் பிடிக்க முயன்றுகொண்டிருந்தபோதே அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். அதைச் சொல்லி யாரும் எங்களைத் தேற்ற வேண்டாம்.

அந்த நிலைக்கு அவர் ஒரே நாளில் வந்துவிடவில்லை. கர்ப்ப காலத்தில் குறைந்தது 8 முறையாவது பரிசோதனை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்தது. எங்களிடம் வரும் பெண்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது. ஆகவே அவர்கள் முடிந்தபோது, முடிந்த இடத்தில் காட்டிக்கொள்கிறார்கள். சென்ற மாதம் 120/80 இருந்த இரத்த அழுத்தம் இந்த மாதம் 138/88 ஆனால், முந்தைய எண்ணை அறிந்தவர் உடனே விழித்துக்கொள்வார். புதிதாகப் பார்ப்பவருக்கு அது உயர் இரத்த அழுத்தத்தின் வரம்பான 140/90-ஐத் தாண்டாத எண், அவ்வளவுதான். இதற்காகத்தான் மாலையிலும் திறந்திருக்கும் ஒரு மருத்துவகமும், தொடர்ந்து பார்க்கும் ஒரு மருத்துவரும் வேண்டும் என்கிறோம். முழுநேர மகப்பேறு மருத்துவரை நியமியுங்கள்.

எவரும் வரவில்லை என்கிறீர்கள். நீங்கள் வெளியிட்ட விளம்பரத்தை மறுபடி படித்துப் பாருங்கள். ஓராண்டு ஒப்பந்தம். இரவு பகல் எந்நேரமும் அழைத்தால் வர வேண்டும், அதுவும் ஒரே ஆள். மயக்க மருந்து நிபுணரைப் பற்றி ஒரு சொல் இல்லை; இரத்தத்துக்கு ஏற்பாடு இல்லை. பிரசவத்துக்குப் பின் கட்டுக்கடங்காமல் இரத்தம் போனால், அதுவரை நலமாக இருந்த தாயும் இரண்டு மணி நேரத்தில் இறந்துவிடக்கூடும். இரத்தமும் துணையும் இல்லாத இடத்தில் அந்தப் பொறுப்பை ஏற்க மனசாட்சியுள்ள எந்த மருத்துவர் முன்வருவார்? அவர்கள் வராததற்கு அவர்களைக் குறை சொல்லாதீர்கள்.

2023-இல் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் உலகில் நாள்தோறும் 700-க்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் ஏழை நாடுகளையும் நடுத்தரத்துக்குக் கீழான வருமானமுள்ள நாடுகளையும் சேர்ந்தவர்கள். பெரும்பாலானவை தடுத்திருக்கக்கூடிய மரணங்கள். எப்படித் தடுப்பது என்பது தெரியாமலா இவ்வளவு பேர் சாகிறார்கள்? கட்டடத்துக்குப் பணம் வருகிறது, கருவிக்கு வருகிறது, திறப்பு விழாவுக்கும் வருகிறது. சம்பளம் என்றதும் கை சுருங்கிவிடுகிறது. எங்கள் ஸ்கேன் கருவியின் மேலுறையை இன்னும் எவரும் கழற்றவில்லை. ஏழைக்கு எது கிடைத்தாலும் போதும் என்ற நினைப்பு எத்தனை காலத்துக்கு நீடிக்கும்?

உலகத்தின் குறை முழுவதையும் உங்கள் தலையில் சுமத்துவது முறையன்று. உங்கள் கையில் இருப்பதை மட்டும் பணிவோடு கேட்கிறேன். பணியிடத்தை நிரந்தரமாக்கி மறுவிளம்பரம் கொடுங்கள். இரவு அழைப்பைப் பகிர்ந்துகொள்ள இரண்டாவது மருத்துவருக்கும் இடம் ஒதுக்குங்கள். மயக்க மருந்து நிபுணருக்கும் இரத்தத்துக்கும் அருகிலுள்ள பெரிய மருத்துவமனையுடன் எழுத்துப்பூர்வமாக உடன்பாடு செய்துகொள்ளுங்கள். இயல்பான கர்ப்பங்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்களாகிய நாங்கள் கவனித்துக்கொள்வோம். சிக்கலைக் கண்டதும் கூப்பிட ஒருவர் வேண்டும். மருத்துவர் வரும்வரை, வலிப்பு அபாயத்தில் வருபவருக்கு முதல் தவணை மருந்தை நாங்களே போடுவதற்கு நிலையான எழுத்து உத்தரவு ஒன்றை இந்த வாரமே தாருங்கள். இதற்குச் செலவு ஏதும் இல்லை.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறும், எங்களில் ஒருவரை அங்கே பேச அனுமதிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். முழுநேர மகப்பேறு மருத்துவரை நியமியுங்கள்.

இப்படிக்கு,
பேறுகாலப் பிரிவுச் செவிலியர்